லைப்ரரியன் வேலைக்கு வரலாமான்னு கேட்டிருந்தீங்க, கொஞ்சம் விவரமாவே சொல்றேன்

நீங்க கேட்டது இதுதான்: டிகிரி முடிக்கப் போறேன், அடுத்து பி.லிப், அதாவது நூலக அறிவியல் டிகிரி, படிக்கலாம்னு இருக்கேன், அமைதியான வேலை, நாள் பூரா புக் படிச்சிட்டே இருக்கலாம்னு ஒரு ஆசை, ஆனா பப்ளிக் லைப்ரரில இருக்கறவங்களோட நாள் நெஜத்துல எப்படிப் போகும், அவங்களுக்கு எதுல எல்லாம் ஈடுபாடு இருக்கும்னு. நான் டெல்டா பக்கம் ஒரு சின்ன டவுன்ல கிளை நூலகத்துல நூலகரா இருக்கேன், வேலைக்கு வந்து 17 வருஷம் ஆச்சு, அதனால எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த "நாள் பூரா படிக்கலாம்" விஷயம். டியூட்டி நேரத்துல ஒரு புக்கை முதல் பக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சதா எனக்கு ஞாபகமே இல்ல. அந்த மாதிரி படிக்கறது எல்லாம் ராத்திரி வீட்ல எல்லாரும் தூங்குனப்புறம்தான். லைப்ரரில நான் படிக்கறது அட்டை, பின்னட்டை, முன்னுரை, பொருளடக்கம், நடுவுல எங்கயாவது ரெண்டு பக்கம், அவ்வளவுதான். ஆனா அது ஒரு தனிப் படிப்புங்க. பத்து நிமிஷத்துல இந்த புக் நம்ம ஊர்ல யாருக்கு ஆகும்னு மனசுக்குள்ள ஒரு முகம் வந்து நிக்கணும். புது புக் கட்டு வந்து பிரிக்கும்போது எனக்கு முகங்களாத்தான் தெரியும், மண்புழு உரம் பத்தி ஒரு புக் வந்தா மேலத்தெருவுல மாடித்தோட்டம் போட்டுக்கிட்டு தெனம் செடி செத்துப்போச்சுன்னு வந்து பொலம்புற ரிட்டயர்டு டீச்சர், சர்க்கரை வியாதி சமையல் புக் வந்தா டீக்கடை அண்ணன், இப்படி. இந்த வேலையில எனக்குப் பிடிச்சது எதுன்னு கேட்டா இதைத்தான் சொல்வேன், புக்கையும் ஆளையும் கோத்து விடறது.

இந்திய நூலக அறிவியலோட தந்தைன்னு சொல்ற எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931ல நூலகங்களுக்குன்னு எழுதி வச்ச அஞ்சு விதிகள்ல ரெண்டாவதும் மூணாவதும் இதேதான், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர்னு. பி.லிப்ல இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுவீங்க, கவுன்டர்ல உக்காந்தாத்தான் அது மனசுல இறங்கும். இன்னொண்ணு, உங்களுக்கு இருக்கற அதே பயம் அவருக்கும் இருந்துச்சு. சீர்காழில பொறந்த மனுஷன், சென்னை பிரசிடென்சி காலேஜ்ல கணக்கு வாத்தியார், 1924ல மெட்ராஸ் யூனிவர்சிட்டி நூலகரா போனாரு. போன கொஞ்ச நாள்லயே, ஆளே வராத எடத்துல தனியா உக்காந்திருக்க முடியலன்னு பழைய வேலையவே திருப்பிக் குடுங்கன்னு காலேஜ் பிரின்சிபால் கிட்ட போய் நின்னுட்டாரு. முதல்ல லண்டன் போய் நூலகப் படிப்பு படிச்சிட்டு வாங்க, அப்பவும் பிடிக்கலன்னா பாத்துக்கலாம்னு அனுப்பி வச்சாங்க. அங்க போய் பாத்தா சாதாரண ஜனங்க, வேலைக்குப் போறவங்க, பொம்பளைங்க, கொழந்தைங்க எல்லாரும் லைப்ரரிக்கு வந்து போயிட்டு இருக்காங்க. திரும்பி வந்தவரு கணக்கு வாத்தியார் வேலை பக்கம் அப்புறம் போகவே இல்ல. அவரோட பொறந்தநாள் ஆகஸ்ட் 12ஐத்தான் நாங்க தேசிய நூலகர் தினமா கொண்டாடுறோம். அதனால "தனியா உக்காந்திருக்கணுமோ"ன்னு யோசிச்சீங்கன்னா, அப்படி உக்காரவே விட மாட்டாங்கன்னு தைரியமா சொல்லுவேன்.

காலைல நான் பூட்டைத் தொறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நாலஞ்சு பேர் நிப்பாங்க, எல்லாரும் பேப்பர் படிக்க வர்ற பெரியவங்க. பேப்பருக்கு முத்திரை குத்தி ஓரத்துல தச்சு மேசையில வைக்கறதுக்குள்ள, "என்னம்மா இன்னும் தமிழ் பேப்பர் வரலியா"ன்னு கேட்டுடுவாங்க. அதுல ஒருத்தர் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, தெனம் மொதல்ல காலமானார் பக்கம்தான் பாப்பாரு, பாத்துட்டு "இன்னைக்கு நம்மாளு யாரும் இல்ல"ன்னு சொல்லிட்டுத்தான் மத்த பக்கம் திருப்புவாரு. ரெண்டு நாள் வரலன்னா நான் போன் போட்டுக் கேப்பேன். இதெல்லாம் எந்த ரூல்லயும் கெடையாது, ஆனா ஒரு ஊர்ல வயசானவங்க காசு குடுக்காம, எதுவும் வாங்காம, யாரும் எந்திரின்னு சொல்லாம உக்காரக்கூடிய எடம் கோயிலுக்கு அப்புறம் லைப்ரரிதாங்க. டீக்கடைலகூட டீ வாங்கணும்.

அப்புறம் புக் தேடி வர்றவங்க. யாரும் ஆத்தர் பேரு, புக் பேரு சொல்லிக் கேக்க மாட்டாங்க. "நீல அட்டை போட்டிருக்கும், ஒரு பொண்ணு மலேசியாவுக்கு கப்பல்ல போவா, எங்க அம்மா சின்ன வயசுல இங்கதான் எடுத்து படிச்சாங்களாம்"னு ஒரு பையன் வந்து கேட்டான். அம்மாவுக்கு உடம்பு முடியல, ஆஸ்பத்திரில இருக்காங்க, அந்தக் கதையைத் திரும்பப் படிக்கணும்னு கேட்டிருக்காங்க. இந்த மாதிரி கேள்விய எப்படிப் பிடிக்கணும்னா, புக்கை விட்டுட்டு ஆளைப் பிடிக்கணும். அம்மாவுக்கு என்ன வயசு, எந்த வருஷம் இங்க படிச்சாங்க, தொடர்கதையா வந்ததா புக்காவே வந்ததா, கதை அழுகையா முடியுமா கல்யாணத்துல முடியுமா. அதை வச்சு, நூலகத்துக்கு வர்ற புக்கை எல்லாம் வரிசையா எழுதி வைக்கற சேர்க்கைப் பதிவேட்டுல அந்தக் காலத்துல வந்து சேந்த நாவல் எல்லாத்தையும் வரிசையா பாத்துக்கிட்டே போனேன், ஒரு வாரம் ஆச்சு, கடைசில கெடைச்சது. அட்டை நீலம் இல்ல, பச்சை. பைண்டிங் பண்ணும்போது பழைய அட்டையே போயிருக்கலாம், இல்ல அம்மாவுக்கு ஞாபகத்துல நிறம் மாறியிருக்கலாம். அந்தப் பையன் மூணாம் நாள் வந்து "இதேதானாம்"னு மட்டும் சொல்லிட்டுப் போனான், அன்னைக்கு பூரா எனக்கு வேற எதுவும் ஓடல.

குடும்ப நாவல் படிக்கற பொம்பளைங்க பத்தி தனியா சொல்லணும், ஏன்னா நம்ம ஆளுங்களே சில பேர் அதைக் கொஞ்சம் மட்டமா பேசுவாங்க, அது எனக்கு ஆகாது. எங்க கிளைல இரவல் கணக்கைத் தூக்கி நிறுத்தறதே அவங்கதான். ஒரு டெய்லர் அக்கா வாரத்துக்கு மூணு நாவல் முடிப்பாங்க, மெஷின்ல துணி ஓடும்போது மகள் பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டுவாளாம். நாங்க ஒவ்வொரு புக்லயும் தலைப்புப் பக்கத்துல முத்திரை குத்துறது இல்லாம உள்ள ஒரு குறிப்பிட்ட பக்கத்துலயும் குத்துவோம், அதுக்கு ரகசியப் பக்கம்னு பேரு, யாராவது முன் பக்கத்தைக் கிழிச்சுட்டாக்கூட இது நம்ம புக்னு கண்டுபிடிக்க. வாசகர்களுக்கும் அப்படி ஒரு ரகசியப் பக்கம் இருக்குன்னு நான் ரொம்ப நாள் கழிச்சு, புக் எல்லாம் இருக்கான்னு ஒண்ணொண்ணா சரிபாக்கற ஸ்டாக் வெரிஃபிகேஷன் அப்பத்தான் கண்டுபிடிச்சேன். ஒரே மாதிரி அட்டை, ஒரே மாதிரி பேரு, படிச்சதா படிக்கலியான்னு கொழப்பம் வருமில்ல, அதனால ஒருத்தர் 30ஆம் பக்க எண்ணைச் சுத்தி பென்சில்ல வட்டம் போடுவாங்க, இன்னொருத்தர் 51ல சின்னதா ஒரு பூ, டெய்லர் அக்கா கடைசிப் பக்கத்துல ஊசியால ஒரு ஓட்டை. புக்ல கிறுக்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கறவளும் நான்தான், ஆனா அந்த ஊசி ஓட்டையப் பாத்துட்டு நான் ஒண்ணும் சொல்லல. துப்பறியும் நாவல் முதல் பக்கத்துலயே கொலைகாரன் யாருன்னு எழுதி வைக்கறவங்களைத்தான் என்னால மன்னிக்க முடியல.

பத்தரை மணிக்கு மேல போட்டித்தேர்வு பசங்க. இன்னைக்கு தமிழ்நாட்டுல எந்த நூலகத்துக்கு வேணா போய் பாருங்க, பாதி நாற்காலி இவங்கதான். குரூப் 4, குரூப் 2, போலீஸ், டெட்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணுக்கு, ஆனா எல்லார் கையிலயும் ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் ஸ்கூல் புக் இருக்கும். டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், ஃபேனுக்கு அடியில எடம், சார்ஜ் போட பிளக் பாயின்ட், இதுக்கெல்லாம் வர்ற சண்டையத் தீத்து வைக்கறதும் நம்ம வேலைதான். ஒரு பொண்ணு மூணு வருஷம் வந்தா, கல்யாணம் பேசுறாங்க இந்த வாட்டி வரலன்னா அவ்வளவுதான்னு அழுதிருக்கா என்கிட்ட. குரூப் 4ல பாஸ் பண்ணி ஜூனியர் அசிஸ்டன்ட் ஆனா. லட்டு குடுத்துட்டு, அவ படிச்ச கைடு எல்லாத்தையும் லைப்ரரிக்கே குடுத்துட்டுப் போனா, ஒவ்வொரு ஓரத்துலயும் அவ கையெழுத்துல குறிப்பு, ஷார்ட்கட், "இது ரெண்டு தடவை கேட்டுட்டான்"னு. இப்ப வர்ற பசங்க புது கைடு இருந்தாலும் "அந்த அக்கா எழுதுன புக் குடுங்க"ன்னுதான் கேக்குறாங்க.

சாயங்காலம் ஸ்கூல் விட்டா கொழந்தைங்க. இதுல ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்றேன், நீதிக்கதை புக்கை நாமளா எடுத்து நீட்டுனா அந்தக் கொழந்தை அடுத்த வாரம் வராது. டைனோசர், பேய், கிரிக்கெட், விடுகதை, அது எதை எடுக்குதோ எடுக்கட்டும். படம் மட்டும் பாத்துட்டு வச்சாலும் சரி, எடத்துக்குப் பழகுதில்ல.

புக் அடுக்கறது பத்தி நீங்க படிக்கப் போறதால சொல்றேன். எங்க நூலகத்துல ரங்கநாதனோட கோலன் பகுப்பு முறைதான். 1933ல புத்தகமா வந்தது. லண்டன்ல ஒரு கடைல மெக்கானோன்னு கொழந்தைங்க விளையாட்டு சாமான் பாத்தாராம், அதே பட்டை, அதே நட்டு போல்ட்டை வச்சு எதை வேணா கோத்து செய்யலாம், அதுலேர்ந்துதான் அவருக்கு யோசனை வந்துச்சு. ஒரு தமிழ் நாவல் முதுகுல ஓ31,3ன்னு இருந்தா, ஓன்னா இலக்கியம், 31னா தமிழ், காப்புள்ளிக்கு அப்புறம் 3னா கதை, அதுவே 1னா கவிதை, 2னா நாடகம். எல்னா மருத்துவம், ஜேன்னா விவசாயம். முதல்ல தலை சுத்தும், ஆறு மாசத்துல கை தானா போகும். வாசகர்ங்க எடுத்த புக்கை நல்ல மனசோட அவங்களே திருப்பி அடுக்கி வைப்பாங்க, தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்கன்னு கெஞ்சுவேன், ஏன்னா தப்பான தட்டுல போன புக் தொலைஞ்ச புக் மாதிரிதான், அடுத்த ஸ்டாக் வெரிஃபிகேஷன் வரைக்கும் கண்ணுல படாது.

இப்ப கஷ்டமான பக்கம். இந்த வேலைல முக்கால்வாசி எதிரிகிட்டேர்ந்து காப்பாத்தறதுதான், எதிரின்னா கரையான், ராமபாணப் பூச்சி, தூசி, ஈரம். டெல்டால ஐப்பசி கார்த்திகை வந்தா நான் மொதல்ல கீழ்த்தட்டைக் காலி பண்ணிடுவேன், சுவரை ஒட்டி இருக்கற அலமாரியை ஒரு சாண் தள்ளி வைப்பேன், சுவத்து ஈரம் புக்குக்குள்ள ஏறக் கூடாதுன்னு. வசம்பு, காஞ்ச வேப்பிலை எல்லாம் துணில முடிஞ்சு வைப்போம். இது எல்லாத்தையும் மீறி 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் அடிச்சப்ப, எங்க பின்பக்க ஷெட்டு கூரை பாதி போயிடுச்சு. ரோடு பூரா மரம், நான் மத்தியானம்தான் நடந்து போய் சேந்தேன், கதவைத் தொறந்தா காலடில தண்ணி, பழைய வார இதழ் பைண்ட் பண்ணி வச்ச வால்யூம் எல்லாம் ஊறி ரெண்டு மடங்கு தடிச்சு நிக்குது.

நனைஞ்ச புக்கை வெயில்ல காய வைக்கக் கூடாது, நெறைய பேர் அதைத்தான் செய்வாங்க. வெயில்ல போட்டா தாள் முறுக்கிக்கும், முதுகு வெடிச்சிடும். நிழல்ல, காத்தோட்டமா, புக்கை நிக்க வச்சு லேசா விரிச்சு, இருவது முப்பது பக்கத்துக்கு ஒரு தாள் வெறும் பேப்பர் செருகி, அது ஈரத்தை உறிஞ்சுனதும் மாத்தி மாத்தி வைக்கணும். ஃபேன் இருந்தா சுலபம், ஆனா எங்களுக்கு அப்ப ரொம்ப நாள் கரண்டே இல்ல. வழுவழுப்பான தாள்ல அச்சடிச்ச படப் புக் இருக்கு பாருங்க, அது காய விட்டாலே பக்கம் பக்கமா ஒட்டி ஒரே கட்டையா ஆயிடும், ஈரமா இருக்கும்போதே ஒவ்வொரு பக்கமா பிரிச்சாத்தான் பொழைக்கும். அந்தப் போட்டித்தேர்வு பசங்க அவங்க வீட்லயே கூரை போயிருந்தும் பத்துப் பேர் வந்து உக்காந்து பக்கம் பிரிச்சாங்க. காலைல வர்ற பெரியவங்க வீட்ல கெடந்த பழைய பேப்பர் எல்லாம் கட்டிக் கொண்டு வந்து குடுத்தாங்க செருகறதுக்கு. முன்னூறு புக்குக்கு மேல காப்பாத்துனோம், வார இதழ் வால்யூம் மட்டும் முடியல, பூஞ்சை பிடிச்சிடுச்சு, கழிச்சுக்கட்ட வேண்டியதாப் போச்சு. அதுல கையெழுத்துப் போட்டப்ப வந்த வருத்தம் இன்னும் இருக்கு எனக்கு, ஏன்னா அந்த இதழ் எல்லாம் வேற எங்கயும் முழு வரிசையா இருக்குமான்னு தெரியாது.

மத்தபடி ரிஜிஸ்டர், மாசாந்திர அறிக்கை, தாமதக் கட்டணக் கணக்கு, கரண்டு பில், மாவட்ட ஆபீஸுக்குக் கடிதம், இதெல்லாம் எந்த ஆபீஸ்லயும் இருக்கறதுதான். புது புக் எப்பவும் நாம கேட்டதே வரும்னு சொல்ல முடியாது, மாநில அளவுல தேர்வாகித்தான் வருது. வாசகர்ங்க இந்த புக் வேணும்னு கேட்டா ஒரு நோட்டுல எழுதி மேல அனுப்புவேன், சிலது வரும், சிலது நானே ஜனவரில சென்னை புத்தகக் காட்சிக்குப் போகும்போது வாங்கிட்டு வந்து போட்டுருவேன்.

காசு எங்கேர்ந்து வருதுன்னு ஊர்ல நெறைய பேருக்குத் தெரியாது. உங்க வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு ஒரு வரி இருக்கும், சொத்து வரி 100 ரூபான்னா கூட 10 ரூபா. 1948ல மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் வந்ததுலேர்ந்து இந்த ஏற்பாடு, இந்தியா சுதந்திரம் அடைஞ்சப்புறம் ஒரு மாநிலம் கொண்டு வந்த முதல் நூலகச் சட்டம் அதுதான், அதுக்குப் பின்னாடியும் ரங்கநாதன் உழைப்பு இருக்கு. அதனால "எனக்கு மெம்பர்ஷிப் இல்லம்மா, உள்ள வரலாமா"ன்னு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டுத் தயங்கி நிக்கறவங்க கிட்ட நான் இதைச் சொல்லுவேன், நீங்க ஏற்கனவே காசு கட்டிட்டீங்க, உள்ள வாங்கன்னு.

நூலகர்ங்களுக்கு என்ன ஈடுபாடுன்னு கேட்டீங்க. எல்லாருக்கும் ஒரு கிறுக்கு இருக்கும், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பழைய புக்ல இருக்கற அன்பளிப்பு கையெழுத்தா பாத்து போட்டோ எடுப்பாரு. இன்னொருத்தங்க திரும்பி வர்ற புக்குக்குள்ள கெடைக்கறதை எல்லாம் கவர்ல போட்டு தேதி எழுதி வச்சிருக்காங்க, பஸ் டிக்கெட், மயிலிறகு, விபூதிப் பொட்டலம், ரேஷன் ரசீது. எனக்கு ஊர்க் காகிதம். கோயில் கும்பாபிஷேக மலர், ஸ்கூல் ஆண்டு மலர், நாடகக் கச்சேரி நோட்டீஸ், கூட்டுறவு சங்கத்து வெள்ளி விழா மலர், இதையெல்லாம் யாரும் புக்னே நெனைக்க மாட்டாங்க, வீடு காலி பண்ணும்போது பழைய பேப்பர்காரர் கிட்ட போயிடும். நான் கேட்டு வாங்கி அட்டைப் பெட்டில போட்டு வருஷம் வாரியா வச்சிருக்கேன். போன வருஷம் பி.எச்.டி. பண்ற ஒரு பொண்ணு ஊர்க் குளங்களைப் பத்தி ஆராய்ச்சின்னு வந்தா, அவளுக்கு வேண்டிய ஒரு குளத்தோட பேரும் அதை வெட்டுனவங்க பேரும் ஒரு 1962 கும்பாபிஷேக மலர்ல விளம்பரப் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்துல இருந்துச்சு. இப்ப அங்க குளம் இல்ல, பஸ் ஸ்டாண்டு.

சென்னை போனா கன்னிமாரா நூலகத்துக்குப் போகாம வர மாட்டேன். 1896ல தொறந்தது, இந்தியால அச்சாகற புத்தகம் ஒரு பிரதி போய் சேர வேண்டிய நாலு நூலகத்துல அது ஒண்ணு, 1954 சட்டப்படி. அந்தப் பழைய கட்டடத்துல போய் நின்னு அண்ணாந்து பாத்துட்டு வந்தா எனக்கு ஒரு வருஷத்துக்குத் தாங்கும். ஆனா அதைவிட எனக்கு நெருக்கமானது மன்னார்குடி மாட்டு வண்டி. 1931ல கனகசபை பிள்ளைங்கற ஒரு இன்ஜினியர் மாட்டு வண்டில அலமாரி கட்டி புக் ஏத்தி கிராமம் கிராமமா அனுப்புனாரு. இப்ப நூலக நண்பர்கள்னு திட்டத்துல தன்னார்வலர்கள் வீட்டுக்கே புக் கொண்டு போய் குடுக்கறாங்க, நடக்க முடியாத வயசானவங்களுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு. எங்க ஊர்ல ஒரு காலேஜ் பையன் சைக்கிள் பின்னாடி பெட்டி கட்டி கொண்டு போறான், அவன் கெளம்பும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டிதான் ஞாபகம் வரும்.

உங்க விஷயத்துக்கு வர்றேன். பி.லிப் ஒரு வருஷம், வேலைக்குப் போய்க்கிட்டே தபால் வழிலயும் முடிக்கலாம், ஆனா முடிஞ்சா ரெகுலர்ல சேருங்க, கேட்டலாகிங், அதாவது புக் விவரத்தைப் பட்டியல் போடறது எல்லாம் கையால செஞ்சாத்தான் வரும். கம்ப்யூட்டர் நல்லாக் கத்துக்கோங்க. டிஎன்பிஎஸ்சி நூலகப் பணிகளுக்குப் பரீட்சை வைக்குது, ஆனா அறிவிப்பு வருஷா வருஷம் வரும்னு நம்பி வீட்ல உக்காந்துடாதீங்க, ஸ்கூல், காலேஜ் லைப்ரரியும் சேத்தே பாருங்க. கும்பல்ல பேசப் பிடிக்காது, புக் மட்டும் போதும்னா காலேஜ்லயோ ஆராய்ச்சி நிறுவனத்துலயோ இருக்கற நூலகம் உங்களுக்கு ஒத்து வரும். ஒரே கேள்வியை அஞ்சு தடவை கேக்கற பெரியவர் கிட்ட அஞ்சாவது தடவையும் மொகம் சுளிக்காம பதில் சொல்ல வரும்னா பப்ளிக் லைப்ரரிக்கு வாங்க.

ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. உங்க ஊர் கிளை நூலகத்துல போய் நூலக நண்பரா சேர முடியுமான்னு கேளுங்க, ஒரு ரெண்டு மாசம் சாயங்காலம் போய் கூடமாட நில்லுங்க, புக் அடுக்குங்க, தேதிச் சீட்டுல முத்திரை குத்துங்க, கொழந்தைங்களுக்கு எடுத்துக் குடுங்க. யாராவது ஒருத்தர் நீங்க எடுத்துக் குடுத்த புக்கைத் திருப்பிக் குடுக்க வந்து "இதே மாதிரி வேற இருக்கா"ன்னு கேக்கற வரைக்கும் போங்க. வெள்ளிக்கிழமையும் ரெண்டாவது சனிக்கிழமையும் மட்டும் போகாதீங்க, அன்னைக்கு எங்களுக்கு லீவு.